ஒயர் கூடைக்குள் ஓர் ஏரி

விழுப்புரம் ஜங்ஷனில் காலை பாசஞ்சர் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெட்டியில் கூட்டமில்லை. என் எதிரே திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து அம்மா ஒருவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைமேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் முழுக்க என் காலடியில் இருந்த ஒயர் கூடைமேல்தான்.

பச்சையும் வெள்ளையுமாக நானே பின்னிய கூடை. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் கூடையைப் போல மூன்று மடங்கு இருக்கும். மேலே ஒரு பழைய துண்டைப் போட்டு மூடியிருந்தேன்.

“கூடையில இன்னாம்மா வச்சிக்கினு போற? பலகாரமா?”

“இல்லீங்க. ஏரி.”

“இன்னாது?”

“ஒரு ஏரி, ரெண்டு மேடு, ஒரு பனந்தோப்பு. ஓரமா கொஞ்சம் கேப்பைக் கொல்லை.”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் மூட்டையை மெல்ல அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வேறு நாளாக இருந்தால் துண்டை விலக்கிக் காட்டியிருப்பேன். அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம். திண்டிவனத்தில் இருந்த என் வீட்டுக்காரரோடு சண்டை போடப் போய்க்கொண்டிருந்தேன். பொம்மைச் சண்டை ஒன்று, நிஜச் சண்டை ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு வருவது என்று தீர்மானம்.

இதுவரை இந்தத் தொடரில் பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். என் கணக்கு வகுப்பில் முட்டி போட்டவர்கள் எல்லாம் இப்போது கடிதம் போட்டு நலம் விசாரிக்கிறார்கள். ஒரு வாரம் அவர்களுக்கு விடுமுறை. இது வீட்டுக் கதை.

வாரத்துக்கு ஒரு நாள்

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருடம் இருக்கும். எனக்கு விழுப்புரத்தில் பெண்கள் பள்ளியில் வேலை. இவருக்கு, பெயர் ஏழுமலை, திண்டிவனத்தில் பொதுப்பணித்துறையில் படம் வரைகிற வேலை. ஏரி, மதகு, கலிங்கு என்று ஊர் ஊராக அளந்துவந்து தாளில் போடுவார். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை காலை வண்டியில் போய்விடுவார்.

நடுவில் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளைக்கும் எங்களிடம் பேச்சு போதவில்லை. “சாப்டியா?” என்பார். “ம்” என்பேன். “ஸ்கூல் எப்படிப் போவுது?” என்பார். “போவுது” என்பேன். பிறகு இருவரும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கெட்ட மனிதர் இல்லை. காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவர். பேச்சுதான் வராது. எனக்கோ வகுப்பில் நாற்பத்தைந்து பெண்களை அடக்குகிற வாய், வீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை அவர் பையோடு இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டார். காலையில் பெருக்கும்போது துடைப்பம் தட்டி ஒன்று திறந்துகொண்டது. உள்ளே ஓர் அங்குல உயரத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள். துப்பாக்கி, குதிரை, பீரங்கி எல்லாம் இருந்தன. ஒரு பெட்டியில் சிவப்பு, இன்னொன்றில் நீலம்.

“யாருக்கு இதெல்லாம்?”

காது நுனி சிவந்துபோய் நின்றார். “எனக்குத்தான்.”

அவருடைய கல்லூரிச் சிநேகிதர் ரஹீம் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். திண்டிவனத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். அவர் அண்ணன் துபாயிலிருந்து பையன்களுக்காக வாங்கிவந்த பெட்டிகள் அவை. பையன்கள் பேட்டரி காரை எடுத்துக்கொண்டு இவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். கல்லூரி விடுதியில் தீக்குச்சிகளை வைத்துப் போர் நடத்திய இரண்டு பேருக்கு அது போதாதா?

“எப்படி ஆடறது?” என்று கேட்டேன். ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளைப் பார்த்து, தன் வரைபட எழுத்தில் தமிழில் விதிகள் எழுதி வைத்திருந்தார். காலாள் ஒரு முறைக்கு ஆறு அங்குலம், குதிரை பன்னிரண்டு. சுட்டால் லூடோ கட்டையை உருட்டு. வந்தவாசியில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டது எங்களுக்குப் பக்கத்துச் சங்கதி. அதனால் சிவப்பு ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி. நான் சிவப்பு.

முதல் ஆட்டம் சிமெண்டுத் தரையில் நடந்தது. நான் ஜெயித்தேன். “நல்லா ஆடினே” என்றார்.

உருகிய பலகை

தரையில் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை அடுக்கி மலை என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. போர் என்றால் மேடு பள்ளம் வேண்டாமா? எங்கள் வீடோ ஒரே அறை. ஆடி முடித்ததும் போர்க்களத்தைச் சுருட்டி வைக்கவேண்டும். பாய் வேறு, “எங்க கடை மாடிக்கும் எடுத்துக்கினு வாங்களேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே களம் கையில் தூக்கிப் போகிற மாதிரி இருக்கவேண்டும். அதோடு கடையில் போய் எதுவும் வாங்கக்கூடாது, வீட்டில் இருப்பதை வைத்துத்தான் செய்யவேண்டும். இது இவர் போட்ட சட்டம்.

வீட்டில் இருந்தது எங்கள் கல்யாணப் பெயர்ப்பலகை. மண்டப வாசலில் தெர்மோகோலில் பெயர் வெட்டி ஒட்டுவார்களே, அது. எழுத்துகள் உதிர்ந்துபோய் பின்பலகை மட்டும் பரண்மேல் கிடந்தது. நல்ல கனம், நல்ல வெள்ளை. இவர் அதை இறக்கி, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமல் பெயிண்டைப் பூசினார்.

முதலில் ஒரு சின்னச் சத்தம், அப்பளம் பொரிகிற மாதிரி. பிறகு பலகை உள்ளே இழுத்துக்கொண்டது. பெயிண்ட் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, பத்து நிமிடத்தில் எங்கள் கல்யாணப் பலகை பச்சைக் கூழாகிவிட்டது. எனாமல் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

“அபசகுனமா?” என்று கேட்டார், பயந்துபோய்.

“இல்லை, கெமிஸ்ட்ரி” என்றேன். 

அடுத்த யோசனை என்னுடையது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு நவராத்திரிக் கொலுவில் மண்ணைக் கொட்டி, கேப்பை விதைத்து, பச்சைப் பசேலென்று பூங்கா வைப்பார்கள். அதையே போர்க்களத்துக்கும் செய்தால் என்ன? ஈரச் சாக்கை விரித்துத் திங்கட்கிழமை கேப்பையைத் தூவினேன். சனிக்கிழமைக்குள் சிப்பாயின் முழங்கால் உயரம் வரும் என்பது என் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை இவருக்கு எங்கோ ஏரி அளக்கும் வேலை, வரவில்லை. மறு சனிக்கிழமை வந்தபோது கேப்பை சிப்பாய்களின் தலைக்குமேல் வளர்ந்திருந்தது. குதிரைப்படை காட்டுக்குள் போனது, வெளியே வரவே இல்லை. என் பீரங்கி ஒன்றை நாலு நாள் கழித்து, அழுகிய சாக்கை உதறும்போது கண்டெடுத்தேன். அறை முழுக்கப் புளித்த நாற்றம்.

மாமனாரின் நெஞ்சு

மூன்றாவது முறை உருப்பட்டது. பாய் தேயிலை வந்த பெட்டிகளின் மெல்லிய பலகையை அனுப்பினார். அதை ஒன்றரை அடிச் சதுரமாக ஆறு துண்டு போட்டோம். மேட்டுக்குக் காகிதக் கூழ். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்துப் பூசினேன். எங்கள் வீட்டில் கூடைக்கும் முறத்துக்கும் பூசுகிற அதே கூழ். பூச்சி வராது, காய்ந்தால் கல் மாதிரி. மழைநாளில் எங்கள் மலைகள் வெந்தய வாசனை அடிக்கும்.

புல்லுக்கு மரத்தூள். பச்சைக் கோலப்பொடியில் புரட்டி, மைதா பசை தடவிய இடத்தில் தூவினால் ஒட்டிக்கொள்ளும்; ஓரத்தில் தடித்துத் தூவினால் கேப்பைக் கொல்லை. மரத்துக்குப் பீர்க்கங்காய் நாரைப் பிய்த்துச் சாயம் ஏற்றி, ஈர்க்குச்சியில் செருகினோம். பனைமரம் மட்டும் இவரே செய்தார். ஒரு பனைக்கு ஒரு மணி நேரம். வரைபடக்காரர் புத்தி.

ஆறு பலகையை எப்படி மாற்றி அடுக்கினாலும் பாதை பாதையோடு சேரவேண்டுமே! அதற்கு வழி சொன்னது நான். எந்தப் பலகையிலும் பாதை விளிம்பின் நடு மத்தியில்தான் வெளியேறவேண்டும். ஒன்பது அங்குலம் இந்தப் பக்கம், ஒன்பது அங்குலம் அந்தப் பக்கம். அப்படியானால் எதை எதோடு சேர்த்தாலும் ஒட்டும். “நல்ல ஐடியா” என்றார். அந்த மாதத்திலேயே அவர் பேசிய பெரிய வாக்கியம் அது.

தூக்கிப் போவதற்கு, இரண்டிரண்டு பலகைகளை முகத்தோடு முகம் பார்க்க வைத்து, மரம் நசுங்காமல் மூலைக்கு மூலை காலியான நூல்கண்டுக் கட்டைகளை நிறுத்தி, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினோம். அந்த அளவுக்குத்தான் கூடை பின்னினேன்.

ஏரி வேண்டும் என்று அடம் பிடித்தவளும் நான்தான். தண்ணீருக்கு என்ன போடுவது? மாமனாருக்கு மார்ச்சளி வந்தபோது எடுத்த எக்ஸ்ரே பிலிம் அலமாரியில் இருந்தது. நீலமும் கறுப்பும் கலந்த பளபளப்பு. அதை வெட்டி ஒட்டி, சுற்றிலும் கரை கட்டினேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஏரிக்குள் விலா எலும்பு வரிவரியாகத் தெரியும். மாமனார் ஊரிலிருந்து வந்தபோது குனிந்து பார்த்தார்.

“ஏம்மா, என் நெஞ்ச எதுக்கு ஏரியில போட்டுக்கினு கீற?”

சொல்லிவிட்டு அவரே இருமல் வரும்வரை சிரித்தார். அந்த ஏரி எனக்கு உயிர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் முந்தானையால் துடைத்து வைப்பேன்.

பதினெட்டு அங்குலம்

பலகை வந்தபிறகு ஏழெட்டு மாதம் ஆடியிருப்போம். எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தது நான். “நல்லா ஆடினே” என்பார். நானும் தலை கால் புரியாமல் திரிந்தேன். ஆசிரியர் அறையில்கூட லேசாகப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கட்டையை உருட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய நீலக் குதிரைகள் கண்ணில் பட்டன. இரண்டு முறைக்கு முன்னால் அவை ஒரு பலகையின் ஓரத்தில், சரியாக இணைப்புக் கோட்டில் நின்றதைப் பார்த்திருந்தேன். இரண்டு முறையும் ‘பன்னிரண்டு’ என்று சொல்லித்தான் நகர்த்தினார், மொத்தம் இருபத்துநான்கு அங்குலம். பலகை பதினெட்டு. அடுத்த இணைப்பைத் தாண்டி ஆறு அங்குலம் போயிருக்கவேண்டும். அவையோ அந்த இணைப்பையே எட்டாமல், என் பீரங்கிக்கு வாகாக நின்றன.

ஸ்கேலை வைத்து அளப்பவர் எப்போதும் அவர்தான். குனிந்து, கையால் மறைத்து, குதிரையைக் குறைத்து நிறுத்தியிருக்கிறார். எத்தனை மாதமாக? எல்லா மாதமும்.

ஏமாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். பரீட்சை ஹாலில் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். ஆனால் எதிராளிக்குச் சாதகமாக ஏமாற்றுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவமானமாக இருந்தது. நான் அவரோடு ஆடிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

தலைவலி என்று எழுந்துவிட்டேன். அவர் ஊருக்குப் போனதும் இன்லண்ட் லெட்டரில் மூன்று வரி எழுதினேன். இணைப்புக் கோட்டைப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பலகைகளோடு நானே திண்டிவனம் வருகிறேன். ஸ்கேல் ரஹீம் பாய் கையில் இருக்கவேண்டும்.

பதில் வரவில்லை. அதனால்தான் அந்த பாசஞ்சரில் அந்தக் கோபம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று வண்டி நின்று நின்று போனது. எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க என்னைக் கண்ணாடிச் சாமானைப் போல நகர்த்தி வைக்கப் போகிறாரா, அல்லது சமமாக உட்கார்ந்து ஆடப் போகிறாரா?

பாய் கடை மாடி

ஸ்டேஷனில் இவர் நின்றிருந்தார். கூடையை வாங்கிக்கொண்டார். கடை விடுமுறை. மாடியில் வளையல் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு பாய் மேஜை போட்டு வைத்திருந்தார்.

“வாங்க டீச்சரம்மா. உங்க லெட்டரைப் படிச்சிட்டு இவன் நாலு நாளா சரியா துன்னல” என்றார்.

நான் நேராகக் கேட்டேன். “ஏன் அப்படிப் பண்ணீங்க?”

இவர் சைக்கிள் டியூப்பை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

“நீ ஜெயிச்சா, அடுத்த வாரமும் ஆடலாம்னு சொல்றே. ஒரு வாட்டி தோத்துட்டு, ‘போதும், எடுத்துக் கட்டி வைங்க’ன்னு சொல்லிட்டின்னா…” அவிழ்த்த டியூப்பைச் சுருட்டி வைத்தார். “அப்புறம் ஞாயித்துக்கிழமை உன்னாண்ட நான் இன்னாத்த பேசறது தனம்?”

கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“பத்தாங்கிளாஸ் பொண்ணுங்களுக்கே நான் அரை மார்க் சும்மா போடமாட்டேன். எனக்கு நீங்க சும்மா போடறீங்களா? இன்னிக்கு நிஜமா ஆடுங்க. ஓர் அங்குலம் குறைச்சாலும் இந்தக் கூடையை எடுத்துக்கினு அடுத்த வண்டிக்குப் போயிடுவேன். இனிமே ஆட்டமே கிடையாது.”

“மாட்னடா ஏழு” என்றார் பாய், மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு. “ஜல்தி அடுக்கு.”

நோட்டில் இவர் எழுதிய ஒரு விதி உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒரு சீட்டு எடுக்கவேண்டும். பன்னிரண்டு சீட்டில் பன்னிரண்டு தமிழ் மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் பாதையெல்லாம் சேறு, பீரங்கி நகராது. பாய் பவுடர் டப்பாவைக் குலுக்கி ஒன்றை எடுத்தார்.

“சித்திரை.”

சேறு இல்லை, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். இடது பக்கம் ஏரி. அந்தப் பக்கம் யாரும் வரமுடியாது. அங்கே ஒரு சிப்பாயைக்கூட நிறுத்தாமல் எல்லோரையும் வலது பக்கம் குவித்தேன். மேட்டின்மேல் பீரங்கி. முதல் மூன்று முறையில் நீலக்காரர்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பா, நிஜமா என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததில் அவருடைய குதிரைகளைப் பார்க்கவில்லை.

குதிரைகள் கரையேறி ஏரிக்குள் இறங்கின.

“ஏய், தண்ணிக்குள்ள எங்க வுடறீங்க?”

“சித்திரையில ஏரியில ஏது தண்ணி?” என்றார்.

பாய் நோட்டைப் புரட்டினார். பங்குனி முதல் ஆனி வரை ஏரி வறண்டது, குதிரை போகலாம் என்று வரைபட எழுத்தில் அழகாக எழுதியிருந்தது. எனக்கு விட்டுக்கொடுத்தவர் அதுவரை அந்தப் பக்கம் குதிரையை விட்டதே இல்லை. ஸ்கேலை மாமனாரின் விலா எலும்புகளுக்குக் குறுக்கே வைத்தார். சரியாகப் பன்னிரண்டு அங்குலம்.

சித்திரையில் ஏரியில் ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் இந்த ஏரியை வெட்டி ஒட்டியது நான், துடைத்துப் பளபளக்க வைத்தது நான். என் கண்ணுக்கு அதில் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் நிறைந்திருந்தது.

அடுத்த முறை குதிரைகள் என் முதுகுக்குப் பின்னால். அதற்கடுத்த முறை மேட்டிலிருந்த பீரங்கியும் போயிற்று. பள்ளிவாசலில் பகல் பாங்கு சொல்வதற்குள் என் படையில் ஓர் ஆள் மிச்சமில்லை.

பாய் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், தட்டைக் கீழே போட்டு உடைத்தவர் மாதிரி. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷக் கண்ணீர் என்றெல்லாம் சொல்லமாட்டேன். தோற்றது வலித்தது. அவ்வளவு மோசமாகத் தோற்றது ரொம்பவே வலித்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மறுபடி அடுக்குங்க” என்றேன்.

பாய் வீட்டிலிருந்து வந்த பிரியாணி ஆறிப்போயிற்று. இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றேன்.

சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை கூடவே வந்தார். தெருமுனை திரும்பும்போது ஆரம்பித்தார்.

“ஏரியை நம்பி ஒரு ஆளு கூட வுடாம போனியே, அது மொதல் தப்பு. குதிரையெல்லாம் தோப்புக்குப் பின்னாடி சும்மா நிறுத்தி வச்சிக்கினு இருந்தே, அது ரெண்டாவது. கட்டையில ஆறு விழுந்தவுடனே அவசரப்பட்டு கீழ இறங்கினே பாரு…”

மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருந்தது. பிளாட்பாரத்தில் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நடுவில் நான் ஒரு சமாதானம் சொன்னபோது, “அதெல்லாம் சும்மா சாக்கு” என்று அதட்டக்கூட அதட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அந்த அரை மணிக்கு வராது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

வண்டி வந்தது. கூடையை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். வண்டி நகர்ந்தபிறகு எதையோ மறந்தவர் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

“ஆனா அந்த மேட்டுல பீரங்கி வச்சே பாரு, அதுல நான் ஆடிப்பூட்டேன் தனம். நல்லா ஆடினே.”

அதே வார்த்தைதான். ஏழெட்டு மாதமாகக் கேட்ட வார்த்தை. அன்றைக்குத்தான் அதை நம்பினேன்.